நாட்சம்பளத்தைத் தாண்டிப் பேச வேண்டிய மலையகம்

இலங்கையில் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் எத்தனை ரூபா என்ற கேள்வி மேடையேறிவிடுகிறது. 2021 இல் அது ஆயிரம் ரூபாவானது. 2024 இல் 1700 ரூபா என்று வர்த்தமானி வெளியாகி, பெருந்தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் சென்று, இழுபறிக்குப் பின் 1350 ரூபாவில் நின்றது. 2026 ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டம் அதை 1550 ஆக்கி, வருகைக்கான ஊக்கத்தொகையாக அரசே மேலும் 200 ரூபா தரும் என்று அறிவித்தது. இந்த உயர்வுகளில் ஒன்றைக்கூட நான் குறைத்து மதிப்பிடவில்லை. அரிசி விலையும் மாவு விலையும் ஏறிய வேகத்தைப் பார்த்தவர்கள் யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். ஆனாலும் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த மலையகத் தமிழரின் பொருளாதார நிலையை நாட்சம்பளம் என்ற ஒற்றை எண்ணுக்குள் அடைத்துவிட்டோம் என்பதும், அதனால் அரசும் கம்பனிகளும் நம்முடைய தொழிற்சங்கங்களும் பெரிய கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் தப்பித்துக்கொள்கின்றன என்பதும் என் உறுதியான கருத்து.

கூலி பேசும் எந்தத் தொழிலாளிக்கும் பலம் தருவது, 'இந்த வேலை இல்லாவிட்டால் இன்னொரு வேலை' என்ற நிலைதான். அந்த நிலை மலையக மக்களுக்கு வாய்க்காமல் போனதற்குச் சந்தையின் போக்கை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. சட்டம் போட்டு அதைப் பறித்தார்கள். 1947 பொதுத்தேர்தலில் இம்மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் ஏழு பேர் நாடாளுமன்றம் சென்றிருந்தார்கள். அடுத்த ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. 1949 இல் வாக்குரிமையும் போனது. 1952 தேர்தலில் அந்தக் கட்சியின் சார்பில் ஒருவர்கூட நாடாளுமன்றத்தில் இல்லை. வாக்கை இழந்ததைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. குடியுரிமை இல்லாதவருக்கு அரசாங்க உத்தியோகம் கிடையாது, குடியேற்றத் திட்டங்களில் காணி கிடையாது, தோட்டத்துக்கு வெளியே காலூன்றுவதற்கு எந்த உதவியும் கிடையாது என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. அதாவது, சுதந்திரம் பெற்ற நாடு தன் குடிகளுக்குப் புதிய வாய்ப்புகளைத் திறந்துவிட்ட அதே ஆண்டுகளில், ஏற்றுமதி வருமானத்தின் பெரும்பகுதியை உழைத்துத் தந்த சமூகம் ஒரே தொழிலுக்குள், ஒரே முதலாளியின் எல்லைக்குள் நிறுத்தப்பட்டது. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை இரு நாடுகளும் 1974 இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. எந்த நாட்டில் வாழப்போகிறோம் என்பதே தெரியாத குடும்பம் பிள்ளையின் படிப்புக்கும் தொழிலுக்கும் எப்படித் திட்டமிட்டிருக்கும்? நாடற்ற நிலை முழுமையாகத் தீர்வதற்கு 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தம் வந்தபோது தோட்டங்கள் அரசுடைமையாயின. அந்த மண்ணில் நாலைந்து தலைமுறையாக உழைத்தவர்களுக்குக் காணி கொடுக்கலாமே என்ற எண்ணம் அன்றைய ஆட்சியாளர்களுக்கு வரவில்லை. துரைமார் எனப்படும் தோட்ட அதிகாரிகள் மாறினார்கள், காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பிரட்டுக்களம் மாறவில்லை. சில இடங்களில் தொழிலாளர் குடும்பங்கள் லயங்கள் எனப்படும் வரிசைக் குடியிருப்புகளைவிட்டே விரட்டப்பட்டன.

இந்த இடத்தில் ஓர் ஒப்பீட்டைச் சற்று நின்று பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் என் வாதம் முழுவதும் அதில்தான் தங்கியிருக்கிறது. இன்று இலங்கைத் தேயிலையில் ஏறத்தாழ முக்கால் பங்கைத் தருபவர்கள் பெருந்தோட்டக் கம்பனிகள் அல்ல, காலி, மாத்தறை, இரத்தினபுரி போன்ற மாவட்டங்களில் சொந்தமாகச் சிறு தேயிலைக் காணி வைத்திருக்கும் சிற்றுடைமையாளர்கள். அவர்களுக்கென்றே எழுபதுகளில் ஓர் அதிகார சபை உருவாக்கப்பட்டது. மறுநடுகைக்கு மானியமும் உரத்துக்கு உதவியும் கிடைத்தன, ஆலோசனை சொல்ல உத்தியோகத்தர்கள் வந்தார்கள். தொழிற்சாலை விற்கும் தேயிலையின் நிகர விற்பனை விலையில் நூற்றுக்கு 68 பங்கு கொழுந்து தந்தவருக்குச் சேர வேண்டும் என்று விலைச் சூத்திரமும் வகுக்கப்பட்டது. அது நல்ல கொள்கை. அதனால் ஆயிரக்கணக்கான கிராமத்துக் குடும்பங்கள் தலைநிமிர்ந்தன. மலையகத் தொழிலாளியின் கையில் அதே செடி, அதே கொழுந்து, அதைவிட நீண்ட அனுபவம். ஆனால் காணி இல்லை. ஆகவே அவர் கூலிக்காரராகவே இருக்கிறார். விலை உயர்ந்தால் அந்த உயர்வில் அவருக்குப் பங்கில்லை, விலை விழுந்தால் வேலை நாள் குறைகிறது. தேயிலைத் தொழிலுக்கே எதிர்காலமில்லை என்று சொல்பவர்கள் இந்தச் சிற்றுடைமையாளரை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள்.

1992 இல் தோட்ட நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. அதற்குப் பிந்திய, தொழிற்சங்கங்களும் கம்பனிகளும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தங்களின் வரலாற்றை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. காகிதத்தில் உயரும் சம்பளம் மலையில் எப்படிக் கரைகிறது என்பதை மட்டும் சொல்கிறேன். நாட்சம்பளம் ஏறியதும் பல தோட்டங்களில் ஒரு நாளுக்குப் பறிக்க வேண்டிய கிலோவின் அளவும் ஏறுகிறது. அந்த அளவை எட்டாதவருக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். மாதத்தில் வேலை கொடுக்கும் நாட்களும் சுருங்குகின்றன, மற்ற நாட்களுக்குக் கைக்காசு, அதாவது பறித்த கிலோவுக்கு மட்டும் கூலி. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் என்பதே 1984 இல்தான் கிடைத்த தொழில் இது, கொழுந்து பறிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்களாக இருந்தும்கூட. கம்பனிகள் சொல்லும் உற்பத்திச் செலவுக் கணக்கை நான் பொய் என்று ஒதுக்கவில்லை; கென்யாவோடு போட்டியிட வேண்டிய நெருக்கடி உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கில் எப்போதும் விட்டுக்கொடுக்க வேண்டியவர் கொழுந்து பறிப்பவராகவே இருப்பதற்கு, அவருக்குப் போக்கிடம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருப்பதே காரணம்.

போக்கிடம் இல்லாமைக்கு முதற்காரணம் வீடு. லயக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்திருக்க வேண்டும் என்பது பல இடங்களில் எழுதப்படாத நிபந்தனை. பிள்ளைகள் அனைவரும் வெளியே வேலைக்குப் போன பின்னும் ஒரு தாய் முதுகில் கூடையோடு மலையேறுவதற்கு அந்தக் கூரைதான் காரணம் என்பதை உறவினர் வீடுகளில் நான் நேரில் கண்டிருக்கிறேன். உறுதிப்பத்திரம் இல்லாத வீட்டை ஈடாக வைத்து வங்கியில் கடன் பெற முடியாது, சிறுகடை போட முடியாது, ஓர் அறையைக்கூட மனம்போல் நீட்டிக் கட்ட முடியாது. பல லயங்களுக்குத் தனி முகவரி இல்லை. கடிதங்கள் தோட்ட அலுவலகம் வழியாக வருவதால் நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் கைக்கு வந்த கதைகள் மலையகத்தில் ஏராளம். 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு 2018 இல் திருத்தப்படும் வரை, தோட்டத்துப் பாதைக்கும் குடிநீருக்கும் பிரதேச சபை தன் பணத்தைச் செலவிடவே தடை இருந்தது. வரியும் வாக்கும் மற்றவர்களைப் போலவே செலுத்திய மக்களுக்கு நேர்ந்தது இது.

2019 ஆம் ஆண்டின் உத்தியோகபூர்வக் கணக்கெடுப்பில் நாட்டின் வறுமை 14.3 வீதம், தோட்டத்துறையில் 33.8 வீதம். இதைச் சோம்பல் என்றும் குடிப்பழக்கம் என்றும் விளக்குபவர்களின் பேச்சு என்னைப் புண்படுத்துகிறது. மேலே சொன்ன சட்டங்களைக் காலவரிசையில் வைத்துப் படித்தால் இந்த இடைவெளி எங்கிருந்து வந்தது என்பது புரியும்.

இளையவர்கள் வெளியேறத்தான் செய்கிறார்கள். ஆனால் எங்கே? கொழும்புக் கடைகளுக்கும், பிறர் வீட்டு அடுப்படிகளுக்கும், ஆடைத் தொழிற்சாலைகளுக்கும், வளைகுடா நாடுகளுக்கும்தான். எழுபதுகளில் அரசு பொறுப்பேற்கத் தொடங்கிய தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் இன்றும் உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் இல்லை; ஆகவே தோட்டத்தை விட்டுப் போகிறவரும் இன்னொரு கூலி வேலைக்கே போகிறார். ஆசிரியர் நியமனங்கள் கிடைத்த காலங்களில் மட்டும் பல குடும்பங்கள் ஒரே தலைமுறையில் மேலெழுந்ததைப் பார்த்தோம். கதவைத் திறந்தால் நுழைவதற்கு ஆளில்லாமல் போகவில்லை.

ஆகவே தொழிற்சங்கங்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில் வீட்டுரிமையையும் காணியையும் முதல் கோரிக்கையாக வையுங்கள். வீடமைப்புத் திட்டங்களில் வழங்கப்பட்டுவந்த ஏழு பேர்ச்சஸ், ஏக்கரில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அதில் வீடு கட்டலாம், பிழைக்க முடியாது. கைவிடப்பட்டுக் காடாகிக் கிடக்கும் தேயிலை நிலங்களைத் தொழிலாளர் குடும்பங்களுக்குச் சட்டபூர்வமான உறுதிப்பத்திரத்தோடு பகிர்ந்து, காலியிலும் மாத்தறையிலும் சிற்றுடைமையாளருக்குக் கிடைக்கும் அதே மானியத்தையும் அதே விலைச் சூத்திரத்தையும் அவர்களுக்கும் தாருங்கள் என்று அரசிடம் கேளுங்கள். கம்பனிகளின் குத்தகை 2045 வரை இருக்கிறது. அதை நீட்டிப்பது பற்றிய பேச்சு தொடங்குகிற நாளில், அந்த மேசையில் தொழிலாளரின் காணிக் கோரிக்கை வரைபடத்தோடும் பெயர்ப் பட்டியலோடும் தயாராக இருக்க வேண்டும்.