இதுவா சின்னக் குறை?

ஒரு மடக்குக் கத்தியை முதல் தடவை திறந்து மூடும்போதே அது யாருக்காகச் செய்யப்பட்டது என்று தெரிந்துவிடும். இப்போது என் கையில் இருக்கிற கத்தி, பெட்டியைப் பிரித்ததும் போட்டோ எடுத்துப் போடுகிறவர்களுக்காகச் செய்யப்பட்டது. தாண்டிக்குடி பக்கம் ஐப்பசி மழையில், விறைத்துப்போன ஈரக் கையோடு மிளகுக் கொடியும் சாக்குச் சணலும் அறுக்கிறவளை இதைச் செய்தவர்கள் ஒரு நிமிடம்கூட நினைத்துப் பார்க்கவில்லை. விற்றவரிடம் கேட்டால், "சின்னச் சின்னக் குறைதான் மேடம், யூஸ் பண்ணப் பண்ணச் சரியாயிடும்" என்கிறார். கத்தியைவிட அந்தப் பதில்தான் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

எதற்கு இவளுக்கு மடக்குக் கத்தி என்று கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு இருப்பது கொஞ்சம் காப்பி, நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக்கிலும் கல்யாண முருங்கையிலும் ஏற்றிவிட்ட மிளகு, நடுநடுவே பட்டர் ஃப்ரூட், கீழ்ச்சரிவில் மலைவாழை. அரிவாள் வேலைக்கு அரிவாள் இருக்கிறது, கவாத்துக்குக் கத்தரி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நாள் முழுக்க வேறு வேலைகள் வந்துகொண்டே இருக்கும். பட்டர் ஃப்ரூட்டைக் காம்பு ஒட்டியிருக்கும்படி வெட்டி எடுக்கவேண்டும், மிளகின் ஓடுகொடியை இரண்டு மூன்று கணுவாக நறுக்கி நாற்றுப் பையில் நடவேண்டும், காப்பிச் செடியில் வேண்டாத சிம்பை இளசாக இருக்கும்போதே சீவவேண்டும், கொடியை மரத்தோடு சேர்த்துக் கட்டின கயிறு இறுகிப்போனால் அறுத்துவிடவேண்டும், மூட்டைத் தையலைப் பிரிக்கவேண்டும். சரிவில் ஒரு கை மரத்தைப் பிடித்திருக்கும், மற்றக் கையால்தான் எல்லாம். எங்கள் பக்கம் தோட்டத்துக்குப் போகிற பெண்கள் புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டுக்கொண்டுதான் போவோம். அந்தச் சட்டைப் பையில் கிடக்கவேண்டும், ஒரு கையால் திறக்கவேண்டும், திறந்தால் அசையாமல் நிற்கவேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

வந்தது என்ன? ஸ்பாஞ்சு வைத்த கறுப்புப் பெட்டி. அதற்குள் கறுப்புக் கத்தி. பிடியின் கடைசியில் கார் கண்ணாடியை உடைக்க ஒரு கூம்பு, பக்கத்தில் சீட் பெல்ட் அறுக்க ஒரு கொக்கி. அலகின் நீளம் எட்டரை சென்டிமீட்டர், அது சரியான அளவு, முனையின் வடிவமும் நன்றாகவே இருக்கிறது, எடையும் தொந்தரவில்லை. நல்லது என்று சொல்ல அதோடு சரி.

பூட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன், விரல் போவதென்றால் அங்கேதான் போகும். இது லைனர் லாக் வகை. பிடிக்குள்ளே இருக்கும் மெல்லிய தகட்டிலேயே ஒரு பட்டையைப் பிளந்து உள்பக்கமாக வளைத்து வைத்திருப்பார்கள். அலகு முழுக்கத் திறந்ததும் அந்தப் பட்டை நகர்ந்து வந்து அலகின் அடிக்குப் பின்னால் முட்டுக் கொடுத்து நிற்கும், மூடவேண்டும் என்றால் கட்டைவிரலால் அதை ஒதுக்கவேண்டும். அமெரிக்காவில் மைக்கேல் வாக்கர் என்கிற கத்தி வினைஞர் 1980களின் தொடக்கத்தில் இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்த பூட்டு இது, ஒழுங்காகச் செய்தால் நல்ல பூட்டுதான். ஆனால் அந்த ஒழுங்கு முழுக்கவும் பட்டையின் முனையும் அலகின் அடியும் சந்திக்கிற சாய்வில்தான் இருக்கிறது. அலகின் அடி அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு தூரமாவது பட்டை உள்ளே வந்து உட்காரவேண்டும். இதில் ஓரத்தில் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. விரல்களை வழியிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு அலகின் முதுகை மேசை விளிம்பில் மெதுவாக அழுத்திப் பார்த்தேன். ஓங்கி அடிக்கவில்லை, சும்மா அழுத்தினேன். பட்டை வழுக்கி, கத்தி மடங்கியது. மிளகுக் கொடிக்குள் முனையை விட்டு நெம்பும்போது இப்படி மடங்கினால் என் நான்கு விரலும் எங்கே இருக்கும்? இதைச் "சின்னக் குறை" என்று சொல்கிற ஆள் தன் விரலை அங்கே வைத்துக் காட்டட்டும்.

இன்னொரு கூத்து, கொஞ்சம் வேகமாகத் திறந்துவிட்டால் அதே பட்டை போய் இறுகிக்கொண்டு, ஒதுக்க வரமாட்டேன் என்கிறது. மெதுவாகத் திறந்தால் பூட்டாது, வேகமாகத் திறந்தால் விடாது.

நாங்கள் இருப்பது திண்டுக்கல் மாவட்டம். மலையை விட்டு இறங்கினால் பூட்டுக்குப் பேர்போன ஊர், 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடுகூடக் கொடுத்தார்கள். அங்கே பட்டறையில் உட்கார்ந்து, பூட்டுக்குள் இருக்கிற லீவர்த் தகட்டை ஒவ்வொன்றாக அரத்தால் ராவி, இந்தச் சாவிக்கு இந்தப் பூட்டு என்று பொருந்தும்வரை கையை எடுக்கமாட்டார்கள். அந்த ராவுகிற வேலைதான் இந்தக் கத்தியில் நடக்கவே இல்லை. இயந்திரத்திலிருந்து விழுந்த துண்டுகளை எடுத்து அப்படியே திருகி, பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டார்கள். மிச்ச வேலையை, காசு கொடுத்து வாங்கின நான் செய்துகொள்ளவேண்டுமாம்.

அடுத்தது வாய், அதாவது அலகின் வெட்டுகிற விளிம்பு. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாலே தெரிகிறது, ஒரு பக்கச் சாய்வு அகலம், மறுபக்கம் ஒடுக்கம். கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் விளிம்பு நெடுகத் தடவிவிட்டுக் கல்லில் இரண்டு இழுப்பு இழுத்தேன். ஒரு பக்கம் மை விளிம்புவரை அழிந்துவிட்டது, மறுபக்கம் மேல்தோளில் மட்டும் அழிந்து விளிம்பில் அப்படியே நிற்கிறது. இரண்டு பக்கமும் வெவ்வேறு கோணம் என்று அர்த்தம். தீட்டுகிற பெல்ட்டில் வைத்து அவசரமாக ஓட்டியிருக்கிறார்கள், பிசிறைக்கூட எடுக்கவில்லை, பஞ்சால் தடவினால் நார் மாட்டுகிறது. இதில் சீவின கொடித்தண்டு வெட்டுப்பட்டதாகவே இல்லை, நசுங்கிக் கிழிந்திருக்கிறது. எங்கள் ஊர் ஈரத்தில் நசுங்கின தண்டு அழுகாமல் என்ன செய்யும்? தாளைக் கிழித்துக் காட்டி "செம ஷார்ப்" என்று வீடியோவில் சொல்கிறார்களே, அவர்கள் ஒரு பச்சைத் தண்டைச் சீவிக் காட்டட்டும்.

எனக்கு ஆகவே ஆகாதது ஒன்று உண்டு. அலகில் பிடியை ஒட்டிய பாதியில் ரம்பப் பல் வைத்திருக்கிறார்கள். கத்தியில் கையின் பலம் முழுதாக இறங்குகிற இடம் அதுதான், குச்சியைச் சீவுவது, ஆப்பு செதுக்குவது எல்லாம் அந்த இடத்தில்தான். பட்டர் ஃப்ரூட்டில் ஆப்பு ஒட்டுக் கட்டுகிறவர்களுக்குத் தெரியும், ஒட்டுக்குச்சியின் இரண்டு முகமும் ஒரே இழுப்பில் வழவழவென்று சீவப்பட்டிருந்தால்தான் மரப்பட்டைக்கு அடியில் இருக்கிற பச்சைப் படலம் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டும், இடைவெளி விட்டால் காய்ந்துபோகும். பல் வைத்த வாயால் அதைச் சீவ முடியாது. கயிறு அறுக்கத்தான் பல் என்கிறார்கள். நன்றாகத் தீட்டின சாதா வாய் சணலையும் நைலான் கயிற்றையும் பேசாமல் அறுக்கும். தீட்டாமல் விற்பதை மறைக்கத்தான் பல் வைக்கிறார்கள் என்பது என் தீர்மானமான எண்ணம், ஏனென்றால் மழுங்கினாலும் பல் பிராண்டிப் பிராண்டியாவது அறுத்துவிடும். அந்தப் பல்லைத் திரும்பத் தீட்ட மெல்லிய உருளைக் கம்பி வேண்டும், சாணை பிடிக்கிறவர் சக்கரத்தில் வைத்தால் பல்லே போய்விடும். அது மட்டுமா, வாயின் கடைசியில் பிடிக்கு முன்னால் ஒரு சின்னப் பள்ளம் வெட்டி விடவேண்டும், அப்போதுதான் கல் முழு நீளத்துக்கும் ஓடும். அதையும் விடவில்லை.

அலகு மடங்கி உட்காரும்போது நடுவில் உட்காரவேண்டும். இது ஒரு பக்கமாகச் சாய்ந்து தகட்டை உரசிக்கொண்டே போகிறது. நடுத்திருகை இறுக்கினால் திறக்கவே வராது, தளர்த்தினால் அலகு பக்கவாட்டில் ஆடுகிறது. நடுவில் சரியான ஒரு நிலையே இல்லை. கழற்றித் துடைத்துப் பார்க்கலாம் என்றால் எல்லாம் நட்சத்திரத் தலை டார்க்ஸ் திருகு, அதிலும் டி6 அளவு. எங்கள் ஊரில் ஹார்டுவேர் கடையில் அந்தத் திருப்புளி ஏது? வத்தலக்குண்டில் செல்போன் ரிப்பேர் கடைத் தம்பி ஒருவர் எடுத்துக் கொடுத்தார், அவரும் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, பசை போட்டு அடைச்சிருக்காங்க, ரொம்பத் திருகுனா தலை போயிரும்" என்றார். சூடு காட்டிச் சூடு காட்டித்தான் ஒரு திருகு கழன்றது, அதுவும் பாதித் தலை சிதைந்து. தோட்டத்தில் மண்ணும் சாறும் உள்ளே போகிற சாமான் இது, கழற்றிக் கழுவத் தோதாக இருக்கவேண்டாமா? ஒரு ரூபாய் நாணயத்தாலோ சாதாத் திருப்புளியாலோ கழற்றுகிற மாதிரி ஒரு திருகு வைத்தால் என்ன குறைந்துவிடும்?

இரும்பைப் பற்றிக் கேட்டால் பெட்டியில் "பிரீமியம் ஸ்டீல்" என்று மட்டும் போட்டிருக்கிறது. என்ன இரும்பு? 420ஆ, 440சியா, டி2வா? எவ்வளவு கடினம் ஏற்றியிருக்கிறார்கள்? அந்தக் கடினத்தைச் சொல்கிற ராக்வெல் எண் எங்கே? 420 என்றால் துருவுக்குத் தாக்குப்பிடிக்கும், கூர் சீக்கிரம் போகும். டி2 என்றால் கூர் நிற்கும், ஆனால் அதில் 12 சதவீதம்போலக் குரோமியம் இருந்தும் கணிசமான பங்கு கார்பனோடு சேர்ந்துவிடுவதால் ஈரத்தில் புள்ளி விழும், எண்ணெய் தடவி வைக்கவேண்டும். எதுவானாலும் நான் அதற்கேற்ற மாதிரி வைத்துக்கொள்வேன், சொன்னால் போதும். சொல்லாமல் கறுப்புச் சாயம் பூசி மறைத்துவிட்டார்கள். வாழைத் தாரைத் தொட்டதுமே கறை ஏறியது, அது எந்தக் கத்தியிலும் ஏறும், அதற்கு நான் குறை சொல்லமாட்டேன். சாயம் உரிந்து பழத்தில் கறுப்பாக ஒட்டுகிறதே, அதற்கு என்ன சொல்கிறார்கள்? அந்தப் பழத்தை நான் பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டுமா?

கிளிப் விஷயத்தை நீட்டவில்லை. ஓரம் மழுக்காத தகடு, சட்டைப் பை ஓரத்தைக் கிழித்துவிட்டது. சோற்றுக்கைக்காரர்களுக்கு மட்டும்தான் துளை போட்டிருக்கிறார்கள், எங்களோடு மிளகு பறிக்கிறவர் இடதுகைப் பழக்கக்காரர், அவர் இதைத் தொடவே முடியாது. பிடி வழுவழுப்பான அலுமினியம், மார்கழிக் காலையில் அதைப் பிடித்துப் பாருங்கள் தெரியும்.

இதையெல்லாம் வீட்டில் சொன்னால் என் கொழுந்தன், "வெட்டுதுல்ல அண்ணி, அப்புறம் என்ன? கொடுத்த காசுக்கு இவ்வளவுதான் வரும்" என்கிறார். விற்றவர்களிடம் போன் செய்தால், "சார் இருந்தா அவர்கிட்ட குடுங்க மேடம், டைட் பண்ணிக் குடுத்துருவாரு" என்கிறார்கள். எதற்கு சார்? கத்தி வாங்கினது நான், பிடிப்பது நான், கழற்றிப் பார்த்ததும் நான்.

கொடுத்த காசு என்ற பேச்சுக்கும் பதில் சொல்கிறேன். ஒபினெல் என்று பிரான்சில் ஒரு கத்தி இருக்கிறது, சவாய் மலைப்பக்கத்து ஆள் ஒருவர் 1890இல் செய்ய ஆரம்பித்தது. ஒரு மரப்பிடி, ஒரு அலகு, ஒரு ஆணி. 1955இல் கழுத்தில் சுழலுகிற ஒரு வளையம் சேர்த்தார்கள், அதைத் திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும். கூம்பு கிடையாது, கொக்கி கிடையாது. மரம் என்பதால் ஈரத்தில் ஊறி இறுகும், அது மரத்தின் இயல்பு, வாங்குகிறவர்களுக்கும் தெரியும். அது மலைக்காட்டு விவசாயிக்காகப் பிறந்த கத்தி, விலையும் ஆகாயத்தில் இல்லை. ஆக, குறைந்த விலையில் ஒழுங்கான கத்தி செய்ய முடியாது என்று யாரும் என்னிடம் கதை விடவேண்டாம். அந்தக் கூம்பையும் கொக்கியையும் சாயத்தையும் ஸ்பாஞ்சுப் பெட்டியையும் விட்டுவிட்டு, அந்தச் செலவில் ஒரு ஆளை உட்காரவைத்துப் பூட்டை ராவி, வாயைச் சமமாகத் தீட்டி அனுப்பியிருக்கலாம். எங்கள் தோட்டத்தில் வேலை செய்கிற பெண் இந்த விலைக்கு எத்தனை நாள் குனிந்து நிமிரவேண்டும் என்று விற்கிறவர்களுக்குத் தெரியாது. அவளும் நாளைக்கு ஒன்று வாங்க நினைத்திருந்தாள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதினேன். உங்கள் பின்கோடுக்கு வந்து எடுக்கமுடியாது, நீங்களே கீழே போய்க் கூரியர் போடுங்கள், காசு உங்களுடையது என்று பதில். கொண்டுவந்து கொடுக்கும்போது மட்டும் இந்த மலை கண்ணுக்குத் தெரிந்ததா? பூட்டு வழுக்குவதற்கு வீடியோ ஆதாரம் வேண்டும் என்றார்கள், மூன்று பக்கத்திலிருந்தும் எடுத்து அனுப்பிவிட்டேன். அதைப் பார்த்த பிறகும் "மைனர் இஷ்யூ" என்றுதான் எழுதியிருக்கிறார்கள். நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தாயிற்று. அதற்குள் வேறு யாராவது கறுப்புப் பெட்டியைப் பார்த்து மயங்கி வாங்கப் போகிறீர்கள் என்றால், வாங்குவதற்கு முன் விற்கிறவரிடம் இரண்டே இரண்டு கேள்வி கேளுங்கள்: என்ன இரும்பு, பூட்டுப் பட்டை எவ்வளவு தூரம் உள்ளே உட்காருகிறது. பதில் சொல்லாவிட்டால் காசைக் கட்டாதீர்கள்.