என் கதையில் அவள் சட்டை போட்டிருந்தாள்

போன ஞாயிற்றுக்கிழமை டிவியில் பாகுபலி முதல் பாகம் ஓடிக்கொண்டிருந்தது. சிவுடு அவந்திகாவின் முடியை அவிழ்த்து, மேலாடையை உருவி, உதட்டுக்குச் சாயமும் கண்ணுக்கு மையும் பூசிவிடுகிற இடம் வந்ததும் ரிமோட்டை எடுத்து மாற்றிவிட்டேன். தம்பி மகளுக்குக் கோபம். "செக்ஸியா இருந்தாலே தப்பா அத்தை?" என்று கேட்டாள்.

தப்பே இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அவளுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம்மிடம் இருக்கும் சொல்லே சிக்கல். கவர்ச்சி என்கிறோம். கவர்வது ஒரு செயல், அதைச் செய்கிறவள் அவள். ஆனால் சினிமாப் பத்திரிகைகள் "கவர்ச்சி காட்டினார்" என்று எழுதி எழுதி அதைக் கடை வாசலில் தொங்கவிட்ட சரக்காக்கிவிட்டன. ஒரு பெண் தன் நடையாலும் பேச்சாலும் ஆசையாலும் நம்மை இழுத்தால் அதுவும் கவர்ச்சி. கேமரா அவள் தலையை விட்டுவிட்டு இடுப்பை மட்டும் மேய்ந்தால் அதுவும் கவர்ச்சி. இரண்டையும் ஒரே பெயரில் கூப்பிட்டால் பிள்ளைகள் குழம்பாமல் என்ன செய்வார்கள்?

இந்த வித்தியாசம் எனக்கு உறைத்தது பதினோரு வருஷத்துக்கு முன்னால். ஒரு வார இதழுக்குச் சிறுகதை அனுப்பியிருந்தேன். பாபநாசம் பக்கத்து வயல், குறுவை நடவு. கதையில் வருகிறவள் நடவுக்குப் போகிற பெண். சேலையைத் தூக்கிச் செருகி, மேலே அண்ணனுடைய பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டிருப்பாள். எங்கள் பக்கம் வயலில் இறங்குகிற பெண்கள் அப்படித்தான். நாற்று முடி, அதாவது நாற்றுக் கட்டு, கொண்டுவந்து போடுகிறவன் மேல் அவளுக்கு ஆசை. ஒருமுறை அவன் நாற்று முடியை நீட்டும்போது வாங்காமல் நிமிர்கிறாள். நெற்றியில் தெறித்த சேற்றை மணிக்கட்டால் துடைத்துக்கொண்டு, தனக்குப் போதும் என்கிற வரைக்கும் அவனைப் பார்க்கிறாள். அவன் கால் வரப்பிலிருந்து வழுக்கி வாய்க்காலில் இறங்கிவிடுகிறது. அந்த இடத்தை எழுதும்போது எனக்கே முகம் சுட்டது. வேண்டுமென்றேதான் அப்படி எழுதினேன். அவளுடைய ஆசைதான் அந்தக் கதை.

இதழ் வந்தது. முக்கால் பக்கத்துக்கு ஓவியம். குனிந்திருக்கிற ஒரு பெண், பின்னாலிருந்து வரைந்திருந்தார்கள். ஈரச் சேலை உடம்போடு ஒட்டியிருந்தது. முகத்தை முடி மறைத்துவிட்டது. சட்டையைக் காணோம். அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டேன். "கதையிலேயே ஆசை இருக்கே மேடம், அதைத்தான வரைஞ்சிருக்கோம்" என்றார்கள்.

எங்கள் தெருவில் முப்பது வருஷம் நடவு நட்ட ஒரு பெரியம்மா அந்தப் பக்கத்தை வாங்கிப் பார்த்தார். அவருக்கு எழுத்து தெரியாது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏம்மா, மூஞ்சியே காணுமே, யாரு இது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை நான் இன்னும் விடவில்லை. ஒரு படத்தையோ கதையையோ பார்க்கும்போது அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன். யாரு இது?

சட்டை போட்டால் சரி, போடாவிட்டால் தப்பு என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். துணிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் சோழர் காலத்து அம்மன் செப்புத் திருமேனிகளைப் பாருங்கள். மேலே துணி கிடையாது. இடுப்பு ஒரு பக்கம் வளைந்து, ஒரு கை பூவைப் பிடிக்கிற மாதிரி நிற்கும். செய்த ஸ்தபதிக்குப் பெண்ணுடம்பைப் பற்றிக் கூச்சமும் இல்லை, அதைத் திருட்டுத்தனமாகப் பார்க்கிற புத்தியும் இல்லை. சுவாமிமலைப் பட்டறைகளில் இன்றைக்கும் மெழுகில் உருவம் பிடித்து, காவிரி வண்டலைப் பூசி வார்க்கிறார்கள். கண் திறப்பதைக் கடைசிக்கு வைத்திருப்பார்கள். அது முடிகிற வரை சிலை முழுமையாகாது.

எங்கள் ஊர்ப்பக்கக் கதையே ஒன்று இருக்கிறது, 1968இல் வந்த தில்லானா மோகனாம்பாள். திருவாரூர் மோகனா ஆடுகிறாள், சிக்கல் சண்முகசுந்தரம் தூணுக்குப் பின்னால் ஒளிந்து பார்க்கிறான். அவன் பார்ப்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் ஏன் மறைந்து பார்க்கிறாய் என்று பாட்டிலேயே கேட்கிறாள். அகப்பட்டுக்கொண்டது அவன்தான். அவன் நாயனத்தில் அவளும் கிறங்குகிறாள். இரண்டு பேரும் அழகு, இரண்டு பேருக்கும் ஆசை. அவள் திருப்பிப் பார்க்கிறாள் என்பதுதான் எனக்கு முக்கியம். வள்ளுவர்கூட, தான் பார்த்ததற்கு அவள் எதிர்ப்பார்வை பார்த்தது, தாக்குகிற அணங்கு படையும் கூட்டிக்கொண்டு வந்த மாதிரி இருக்கிறது என்கிறார்.

அவந்திகாவுக்கு அது கிடைக்கவில்லை. தேவசேனாவை மீட்கிற வேலைக்குப் பொறுக்கி எடுக்கப்பட்ட போராளி அவள். அவள் கேட்காமலே அவன் அவளை அலங்கரிக்கிறான், தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குக் காதல் வந்துவிடுகிறது. கடைசியில் அந்த வேலையையும் அவனே எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். அதே ராஜமௌலிதான் 2017இல் வந்த இரண்டாம் பாகத்தில், பெண்களைத் தொட்டவனின் விரலை வெட்டுகிற தேவசேனாவைக் காட்டினார். அழகில் அவளுக்கு என்ன குறை? ஒரு இடத்திலும் நான் ரிமோட்டைத் தேடவில்லை.

கற்பனைப் பாத்திரம்தானே, அவளுக்கென்ன சம்மதம் என்று சிலர் கேட்பார்கள். சரி, 1950இல் தொடங்கிய பொன்னியின் செல்வனில் நந்தினியை எழுதியதும் ஒரு ஆண்தான். ஆனால் தன் அழகு என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும், அதை யார் மேல் ஏவுவது என்பதற்கு அவளுக்குள் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தை எடுத்துவிட்டால் மிச்சம் பல்லக்கும் கூந்தலும்தான்.

நேற்று பழைய இதழைத் தேடி எடுத்துத் தம்பி மகளிடம் கொடுத்தேன். முதலில் படத்தைப் பார்த்தாள், அப்புறம் கதையைப் படித்தாள். திரும்பவும் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அத்தை, அவன் வாய்க்கால்ல நிக்கிறதைத்தான வரைஞ்சிருக்கணும்?"