தோட்டாவைக் கடிக்க வைத்தா காலை வெட்டினார்கள்?

அமெரிக்க உள்நாட்டுப் போரில் கடற்படை மருத்துவர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் என்று சொல்லி ஒரு செய்தி சுற்றுகிறது. தெற்கு மாநிலங்களின் துறைமுகங்களை மறித்து நின்ற வடக்குத் தரப்பின் முற்றுகைக் கப்பல்களில் மயக்க மருந்தே கிடையாது, காயம்பட்டவர் வாயில் தோட்டாவைத் திணித்துவிட்டுக் கைகால்களை அறுத்தார்கள் என்கிறது அது. இது தவறு.

மயக்க மருந்துகளான ஈதர் 1846லும் குளோரோஃபார்ம் 1847லும் அறுவை சிகிச்சைக்கு வந்துவிட்டன. போர் தொடங்கியது 1861ல். வடக்குத் தரப்பில் மட்டும் சுமார் 80,000 முறை மயக்க மருந்து கொடுத்திருக்கிறார்கள். அரை மயக்கத்தில் நோயாளி முனகுவார், கைகாலை உதறுவார். தள்ளி நின்று பார்த்தவர்கள் அவர் விழித்திருக்கிறார் என்றே நினைத்தார்கள். கட்டுக்கதைக்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, முற்றுகையால் மருந்துத் தட்டுப்பாடு வரவில்லையா? வந்தது, ஆனால் தெற்கில். 1861 ஏப்ரலில் வடக்கின் அதிபர் லிங்கன் அறிவித்த முற்றுகை மருந்தையும் தடுத்தது. குளோரோஃபார்மும் மலேரியா மருந்தான குயினைனும் கள்ளத்தனமாகத்தான் உள்ளே போயின. அப்படியும் 1863 மே மாதம் தெற்கின் தளபதி ஸ்டோன்வால் ஜாக்சனின் கையைக் குளோரோஃபார்ம் கொடுத்துத்தான் எடுத்தார்கள்.

முற்றுகைக் கப்பலின் மருத்துவர் தினமும் பார்த்தது பெரும்பாலும் காய்ச்சலையும் வயிற்றுப்போக்கையும்தான். 1864ல் புளோரிடாவில் வடக்கின் கீ வெஸ்ட் கடற்படைத் தளத்தை மஞ்சள் காய்ச்சல் உலுக்கியது. அது கொசுவால் பரவுகிறது என்று நிரூபிக்க 1900 வரை ஆனது. நோயாளி கண்ணெதிரே சாக, காரணமே தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த மனிதர்களை ஈவிரக்கமில்லாத கசாப்புக்காரர்களாகக் காட்டுவது பெரிய அநியாயம்.