ஜேம்ஸ் வில்சனின் கடனும் கணக்கும்

அமெரிக்க விடுதலைப் பிரகடனம், அமெரிக்க அரசியல் சாசனம் இரண்டிலும் கையெழுத்துப் போட்டவர்கள் ஆறே பேர். அதில் ஒருவர் கடன் கொடுத்தவர்களுக்குப் பயந்து மாநிலம் விட்டு மாநிலம் ஓடி, 1798இல் வட கரோலினாவின் ஈடன்டன் என்ற சின்ன ஊரில் செத்துப்போனார். அப்போதும் அவர் பதவியில் இருந்த சுப்ரீம் கோர்ட் நீதிபதி! ஜேம்ஸ் வில்சன்.

அவர் பேச்சு வந்தாலே இந்தக் கடன் கதைதான் முதலில் வரும். நிலத்தை வாங்கி வாங்கிப் போட்டார், விலை விழுந்தது, நியூ ஜெர்சியில் ஒரு முறை, வட கரோலினாவில் ஒரு முறை என்று ஜெயிலுக்குப் போனார். பேராசைதான், மறுக்கவில்லை. ஆனால் அவர்மேல் எனக்குள்ள கோபம் வேறு.

ஸ்காட்லாந்து விவசாயியின் மகன். பிலடெல்பியாவுக்கு வந்து ஜான் டிக்கின்சனிடம் வக்கீல் தொழில் பழகினார். 1776 ஜூலையில் விடுதலைக்கான வாக்கெடுப்பில் குரு ஒதுங்கிக்கொள்ள, சீடர் ஆதரித்தார். இருவரும் பென்சில்வேனியாவின் பிரதிநிதிகள். மூன்றுக்கு இரண்டு ஓட்டில் பென்சில்வேனியா விடுதலைப் பக்கம் சாய்ந்தது. 1779இல் விலைவாசிக் கொதிப்பில் இருந்த குடிப்படையினர் அவர் வீட்டையே தாக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. துரோகக் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காகக் கோர்ட்டில் வாதாடியவர் என்ற கோபமும் அதில் உண்டு. அதற்குப் பிறகும் 1787இல், அரசியல் சாசனத்தை எழுதக் கூடிய மாநாட்டில் எழுந்து, ஜனாதிபதியையும் செனட்டையும் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கட்டும் என்றார். செனட்டுக்கு அது நடக்க 1913 ஆனது. ஜனாதிபதிக்கு இன்னும் நடக்கவில்லை.

சரி, அதே மாநாட்டில் ஜூன் 11 அன்று, பிரதிநிதிகள் சபை இடங்களைப் பிரிக்கும்போது அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தவரும் இவரேதான். அடிமைக்கு ஓட்டு கிடையாது. அவரை எண்ணிக்கையில் சேர்த்து எஜமானர்களின் மாநிலத்துக்குக் கூடுதல் இடம்.

அந்தக் காலம் அப்படி என்று தள்ளிவிட முடியாது. ஏனென்றால் சரியாக ஒரு மாதம் கழித்து, ஜூலை 11 அன்று, வில்சனே கேட்கிறார்: இவர்களைக் குடிமக்களாகச் சேர்க்கிறோமா? அப்படியானால் வெள்ளையருக்குச் சமமாக ஏன் இல்லை? சொத்தாகச் சேர்க்கிறோமா? அப்படியானால் மற்ற சொத்துகளை ஏன் எண்ணவில்லை? மாநாட்டில் நடந்ததை எழுதி வைத்த பிரதிநிதி ஜேம்ஸ் மேடிசனின் குறிப்புகளில் இது இருக்கிறது. ஒரு தேர்ந்த வக்கீலின் குறுக்கு விசாரணை, தன் தீர்மானத்தின் மேலேயே! பதிலும் அவரே சொல்லிவிடுகிறார்: சமரசம் தேவை, ஆகவே இந்தச் சிக்கல்களை ஒதுக்க வேண்டியதுதான்.

தெரியாமல் செய்தவரை மன்னிக்கலாம். இவருக்குத் தன் தீர்மானத்தில் ஓட்டை எங்கே என்று துல்லியமாகத் தெரிந்திருந்தது. அடிமை முறை மெல்ல ஒழிந்துவிடும் என்று நம்பினார் என்பதும் உண்மைதான். பென்சில்வேனியாவில் சாசனத்துக்கு ஆதரவு திரட்டும்போது அப்படித்தான் பேசினார். அந்த ஐந்தில் மூன்று கணக்கு சாசனத்தை விட்டுப் போனது 1868இல், உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு.

அப்புறம் இன்னொன்று. வட கரோலினாவில் அவரைக் கடனுக்காக ஜெயிலில் போட வைத்தவர் பியர்ஸ் பட்லர். 1787இல் தென் கரோலினா பிரதிநிதியாக அதே மாநாட்டில் உட்கார்ந்து, அடிமைகளை முழுசாகவே எண்ண வேண்டும் என்று கேட்ட பெரும்பண்ணைக்காரர். இவரைப் போன்றவர்களோடுதான் வில்சன் சமரசம் செய்துகொண்டார்.