காலி சீட் இருந்தால் ஏறிவிடலாமா?

2012 ஜூன் 30 அன்று அமெரிக்காவின் ஐடஹோ மலைகளுக்கு நடுவே, புரூஸ் மெடோஸ் என்ற புல்தரை ஓடுதளத்திலிருந்து கிளம்பிய ஒரு குட்டி ஸ்டின்சன் விமானத்தின் வீடியோ யூடியூபில் இருக்கிறது. உள்ளே இருந்தே எடுத்தது. நாலு சீட், நாலு பேர். விமானம் ஓடுகிறது, ஓடுகிறது, ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒருவழியாக எழும்புகிறது. ஆனால் ஏற மறுக்கிறது. மர உச்சிகளை ஒட்டியே தத்தளித்துக் காட்டுக்குள் விழுகிறது. நால்வரும் பிழைத்தார்கள், விமானிக்குத்தான் பலத்த காயம்.

பார்த்தால் எஞ்சின் கோளாறு மாதிரி இருக்கும். எஞ்சின் நன்றாகத்தான் இருந்தது. காற்றுதான் போதவில்லை. ஓடுதளமே 6,370 அடி உயரத்தில். அன்றைக்கு வெயில் சுமார் 27 டிகிரி (நமக்கு அது ஸ்வெட்டர் போடுகிற நாள்!). விமானக் கணக்குகளில் அந்த உயரத்துக்கு வைத்திருக்கும் பொதுவான வெப்பம் 2, 3 டிகிரிதான். சூட்டில் காற்று விரிந்து மெலிந்ததால், தரையில் நிற்கும்போதே விமானம் 9,000 அடிக்கு மேல் பறப்பது போன்ற நிலைமை. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சினுக்கு அங்கே கால்வாசி சக்தி போய்விடும். இறக்கைக்கும் பிடிமானம் குறைவு. தரையை ஒட்டிப் பறக்கும்வரை தரையே கொஞ்சம் தாங்கிக் கொடுக்கும். மேலே போனதும் அந்தத் தாங்கல் போய்விடும். அதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

இதில் எடையும் சேர்ந்தால்? 10 சதவீதம் கூடுதல் எடைக்கு, கிளம்பத் தேவையான தூரம் ஏறத்தாழ 20 சதவீதம் கூடும். 2001 ஆகஸ்ட் 25 அன்று பஹாமாஸில் அமெரிக்கப் பாடகி ஆலியா உட்பட ஒன்பது பேர் இறந்த செஸ்னா 402 என்ற சின்ன விமானம், அனுமதித்த எடையை விட சுமார் 320 கிலோ கூடுதலாக ஏற்றியிருந்தது. ஆளும் ஒருவர் அதிகம். பாரம் பின்பக்கம் சரிந்திருந்தது, அப்படியானால் மூக்கு தானாகவே மேலே தூக்கும். ஓடுதள முடிவைத் தாண்டியதுமே விழுந்துவிட்டது. விமானியின் உடலில் கோகெய்னும் மதுவும் இருந்தது தனிக்கதை.

விமானியை மட்டும் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. முடிவு அவருடையதுதான், சரி. ஆனால் ஷேர் ஆட்டோவில் "இன்னும் ஒருத்தர் உட்காரலாம், தள்ளுங்க" என்கிற அதே புத்தியோடு விமானத்தில் ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். சீட்டு நாலு என்பதற்கு, எந்த வெயிலிலும் நாலு பேரைத் தூக்கும் என்று அர்த்தமில்லை. காலையில் தூக்கிய பாரத்தை அதே விமானம் மதியம் தூக்காமல் போகலாம்.

சுற்றுலாவில் சின்ன விமானம் ஏறுகிறவர்கள், எடை கேட்டால் கூச்சப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள். விடியற்காலையிலேயே கிளம்பணும் என்றால் முணுமுணுக்காதீர்கள். பெட்டியை விட்டுவிட்டு வரச் சொன்னால் விட்டுவிடுங்கள், அது அடுத்த விமானத்தில் வரட்டும்.