வெர்லேன் சிறை சென்றது துப்பாக்கிச் சூட்டுக்காக

"ஆண் காதலனோடு வாழ்ந்த குற்றத்துக்காகவே கவிஞர் பால் வெர்லேனைச் சிறையில் அடைத்தார்கள், 'டோட்டல் எக்லிப்ஸ்' படமே அதற்குச் சாட்சி" என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. 1995இல் வந்த அந்தப் படத்திலேயே வெர்லேன் சுடும் காட்சி இருக்கிறதே!

நடந்தது இதுதான். 1873 ஜூலை 10, பிரஸ்ஸல்ஸில் ஒரு விடுதி அறை. தன்னை விட்டுக் கிளம்பவிருந்த காதலரான இளம் கவிஞர் ஆர்தர் ரைம்போவை நோக்கி, போதையில் இருந்த வெர்லேன் இரண்டு முறை சுட்டார். ஒரு குண்டு இடது மணிக்கட்டில் பாய்ந்தது. அன்று மாலையே, ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் வெர்லேன் மறுபடி பைக்குள் கையை விட, பயந்துபோன ரைம்போ போலீஸ்காரரிடம் ஓடினார். காயப்படுத்திய குற்றத்துக்காக வெர்லேனுக்கு இரண்டாண்டு சிறை. பெல்ஜியத்தில் அன்று ஒருபாலுறவு சட்டப்படி குற்றமே அல்ல.

ஆனால் விசாரணை நீதிபதி அவர்களுடைய உறவைத் துருவித் துருவிக் கேட்டது உண்மை. வெர்லேனை அவமானகரமான உடற்பரிசோதனைக்கும் உட்படுத்தினார்கள். ரைம்போ புகாரைத் திரும்பப் பெற்ற பிறகும் வழக்கு நிற்கவில்லை. அந்த வெறுப்பு தண்டனையைக் கூட்டியிருக்கும் என்றே நானும் நினைக்கிறேன். அதற்காக, சுடப்பட்டபோது ரைம்போவுக்கு 18 வயதுதான் என்பதை விட்டுவிட்டு எழுதுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.