பளபளப்பை விடுங்கள், செயினைக் காட்டுங்கள்

பழைய டிராக்டரை மீட்டெடுத்தேன் என்று யார் படம் போட்டாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. இந்தப் பக்கம் துருப்பிடித்த இரும்பு, அந்தப் பக்கம் பளபளவென்று ஒரு வண்டி. எல்லோரும் ஆகா ஓகோ என்கிறார்கள். இன்ஜினைப் பிரித்தீர்களா, கியர்பாக்ஸில் தண்ணீர் இறங்கியிருந்ததா என்று ஒருவரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் இந்தப் பொழுதுபோக்குக்குத் துருவைவிடப் பெயிண்ட் செய்யும் கெடுதல்தான் அதிகம்.

வம்புக்காகச் சொல்லவில்லை. சக்கரத்துக்குப் பதில் இரும்புச் செயின் பட்டையில் ஓடும் செயின் வண்டிகளோடு, அதாவது கிராலர்களோடு மல்லுக்கட்டுகிறவன் என்பதால் சொல்கிறேன். சக்கர டிராக்டரைப் பூசி மெழுகிவிடலாம். பானெட்டுக்கு டிங்கரிங், மேலே பட்டி, அதன்மேல் இரண்டு கோட் பெயிண்ட், புது டயர், புது ஸ்டிக்கர். முடிந்தது கதை. செயின் வண்டியில் இந்த வித்தை பலிக்காது. செயினை இழுக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பல் கூராகிவிட்டால் தூரத்திலிருந்தே தெரியும். ஒவ்வொரு இணைப்பிலும் பின் என்கிற இரும்புத் தண்டும் அதன்மேல் மாட்டிய புஷ் என்கிற குழலும் துளித்துளியாகத் தேய, மொத்தச் செயினும் நீண்டு தொங்கும். அட்ஜஸ்டரைக் கடைசிவரை தள்ளினாலும் இறுக்கம் வராது. புஷ் பெரும்பாலும் ஒரு பக்கமாகத்தான் தேயும் என்பதால், அதைக் கழற்றிப் பாதிச் சுற்று திருப்பிப் போட்டு இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம். அதற்கும் செயினை இறக்க வேண்டும், பின்னைத் தள்ளப் பெரிய ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும். வண்டியின் எடையைச் செயின்மேல் தாங்கும் ரோலர், செயினின் மறுமுனையைத் தாங்கும் ஐட்லர் சக்கரம், இவற்றின் செலவு தனிக் கணக்கு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது செயின் வண்டி வாங்கிய எவருக்கும் நன்றாகப் புரியும். வண்டி மலிவாகக் கிடைத்துவிடும். லாரியில் ஏற்றி வருவதும் அடிப்பாகமும்தான் ஆளை விழுங்கும்.

அதைவிடப் பொல்லாதது ஸ்டியரிங் கிளட்ச். பழைய கேட்டர்பில்லர் டி2 போன்ற வண்டிகளில் ஸ்டியரிங் வீல் கிடையாது. எந்தப் பக்கத்து லீவரை இழுக்கிறோமோ அந்தப் பக்கச் செயினுக்குப் போகும் விசை விடுபட்டு, வண்டி அந்தப் பக்கம் திரும்பும். உள்ளே இருப்பவை ஆயில் படாத உலர் தட்டுகள். வெட்டவெளியில் மழையில் கிடந்த வண்டியில் தண்ணீர் இறங்கித் தட்டுகள் ஒன்றோடொன்று துருவில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் என்ன, இன்ஜின் அருமையாக ஓடும், வண்டி நேராக மட்டும் போகும்! இரண்டு லீவரையும் இழுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்காமல் காசை எடுக்காதீர்கள். விற்பவர் "அதெல்லாம் ஓட ஓடச் சரியாயிடும்" என்பார். சில நேரம் சரியாகும். பல நேரம் சீட்டைக் கழற்றி உள்ளே இறங்கத்தான் வேண்டும்.

பெயிண்ட் விஷயத்துக்குத் திரும்பும் முன் செயின் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். 1904 நவம்பரில் அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் பக்கத்தில் டிராக்டர் தயாரிப்பாளர் பெஞ்சமின் ஹோல்ட் தன் நீராவி டிராக்டரின் பின்சக்கரங்களை எடுத்துவிட்டுச் செயின் மாட்டி ஓட்டிப் பார்த்தார். அங்கே டெல்டா மண் பொதபொதவென்று இருக்கும். வண்டி புதையாமல் இருக்கச் சக்கரங்களை அகலமாக்கிக்கொண்டே போய்ச் சமாளிக்க முடியாத நிலைக்கு வந்திருந்தார்கள். ஹோல்ட் கம்பெனியும் அதன் போட்டியாளரான பெஸ்ட் கம்பெனியும் 1925-இல் இணைந்ததில் பிறந்ததுதான் கேட்டர்பில்லர். அப்போது வண்டியின் நிறம் சாம்பல். இன்று எல்லோருக்கும் தெரிந்த அந்த மஞ்சள் 1931 டிசம்பரில்தான் வந்தது. 1920-களின் வண்டிக்கு மஞ்சளை அடித்துவிட்டு "அப்படியே ஒரிஜினல்" என்பவர்களை என்ன சொல்வது? ஃபார்மால் என்ற சக்கர டிராக்டரும் 1936-இல்தான் சாம்பலிலிருந்து சிவப்புக்கு மாறியது.

கிரீஸ் அப்பிய இடத்தைச் சுரண்டாதீர்கள். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். பல நேரம் அடியில் தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட் அப்படியே இருக்கும். கிளட்ச் பெடலில் பூட்ஸ் தேய்த்த வழவழப்பு, லீவர் பிடியில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த தடம், விரிசல் விட்ட வார்ப்பிரும்பில் யாரோ பித்தளை வைத்து ஒட்டிய தழும்பு. அந்த வண்டி என்ன வேலை பார்த்தது, யார் கையில் இருந்தது என்பதற்கு வேறு சாட்சி கிடையாது. மணலை வேகமாகப் பீய்ச்சிச் சுரண்டும் சேண்ட் பிளாஸ்டிங் செய்தால் அத்தனையும் போச்சு. போதாததற்கு, வண்டியைப் பிரிக்காமலே பிளாஸ்டிங் செய்கிறவர்களும் உண்டு. மணல் ஆயில் சீலைத் தாண்டி பேரிங்குக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சீரியல் நம்பர் தகட்டின் மேலேயே பெயிண்ட் அடிப்பது இன்னொரு கொடுமை. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் உலர்வாகத் தேய்ப்பது உடம்புக்கும் கேடு.

சரி, அந்த நேரத்தையும் காசையும் எங்கே போடுவது? ஜாமான இன்ஜினில் போடுங்கள். பிளக் துளை வழியாக எண்ணெய் விட்டுவிட்டு நாள்கணக்கில், வேண்டுமானால் வாரக்கணக்கில் காத்திருங்கள். கியரில் போட்டு இன்னொரு வண்டியால் இழுத்துக் கிளப்பப் பார்க்கிறவர்கள் கனெக்டிங் ராடை வளைக்கிறார்கள், பிஸ்டனை உடைக்கிறார்கள். பிளக்கில் பொறி வர மின்சாரம் தரும் மேக்னெட்டோவுக்குத் தனிப் பொறுமை வேண்டும். இன்ஜினைக் கிளப்பக் கைப்பிடியால், அதாவது கிராங்கால் சுற்றும்போது மேக்னெட்டோவில் இருக்கும் இம்பல்ஸ் கப்ளிங் "டக்" என்று விடுபடும் சத்தம் காதில் விழ வேண்டும். கை மெதுவாகச் சுற்றினாலும் மேக்னெட்டோவை ஒரு கணம் வேகமாகச் சுண்டிவிட்டுப் பொறியை வரவைப்பது அதுதான். பொறியைக் கொஞ்சம் தாமதப்படுத்தி, கிராங்க் எதிர்த்து உதைக்காமல் காப்பதும் அதுதான். அது பழுதாக இருந்தால் மணிக்கட்டு போய்விடும். கட்டைவிரலைக் கைப்பிடியைச் சுற்றி மடக்காமல் மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைக்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

ஓடினால் மட்டும் போதாது, இழுக்கவும் வேண்டும். விற்பனைக்கு வரும் டிராக்டர் கம்பெனி சொல்கிற திறனைத் தருகிறதா என்று சோதிக்க வேண்டும் என்று 1919-இலேயே அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம் சட்டம் போட்டது. 1920-இல் தொடங்கிய அந்தச் சோதனைகளில் முதலில் ஏறியது வாட்டர்லூ பாய் என்ற டிராக்டர். அந்த அறிக்கைகள் இன்றும் கிடைக்கின்றன. ஜான் டியர் டி மாடலோ ஃபார்மால் எம் மாடலோ, புதிதாக இருந்தபோது எத்தனை குதிரைத்திறன் தந்தது, எவ்வளவு எரிபொருள் குடித்தது என்று பார்த்துக்கொண்டு, உங்கள் வண்டியைத் திறனை அளக்கும் டைனமோமீட்டரில் மாட்டி ஒப்பிட்டுக்கொள்ளலாம். கண்காட்சியில் பரிசு கொடுப்பதென்றால் இதற்குக் கொடுங்கள் என்பதுதான் என் கட்சி.

தகடு ஓட்டையாகி, பழைய பெயிண்டே மிஞ்சாத வண்டிக்குப் பெயிண்ட் அடிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. உள்வேலை முடிந்தபின் அடியுங்கள், அவ்வளவுதான்.

ஒரிஜினல் ஒரிஜினல் என்று இவ்வளவு பேசும் நான் ஒரே ஒரு இடத்தில் விட்டுக்கொடுப்பேன். அந்தக் காலத்து டிராக்டர்களில் கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் இரும்புச் சட்டகமான ரோல் பாரோ சீட் பெல்ட்டோ கிடையாது. முன்சக்கரம் இரண்டும் நெருங்கியிருக்கும் வகை சரிவில் பக்கவாட்டில் எளிதாகச் சாயும். பாரத்தைப் பின்னால் தாழ்வாக இருக்கும் இழுவைக் கம்பியான டிராபாரில் பூட்டாமல் பின் அச்சுக்கு மேலே கட்டி இழுத்தால், முன்பக்கம் தூக்கிக்கொண்டு அப்படியே பின்னால் புரளும். உழவுக்கோ இழுவைக்கோ போகிற வண்டிக்கு, அந்த மாடலுக்கென்றே சோதித்துச் செய்த ரோல் பார் கிடைத்தால், எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் பெல்ட்டோடு சேர்த்துப் பூட்டுங்கள். பட்டறையில் பைப்பை வளைத்து வெல்டிங் வைத்தது வேண்டாம், அது எடை தாங்குமா என்று யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். கண்காட்சிக்குப் போட்டோ எடுக்க வேண்டுமென்றால் அன்றைக்கு மட்டும் கழற்றிக்கொள்ளுங்கள்.